பழைய கவச வண்டிக்கு எந்த வேலை கொடுக்கலாம்

பாளையங்கோட்டை

அன்புள்ள சுடலைமுத்துவுக்கு,

கடுதாசி கிடைத்தது. பிசான நடவு ஒருவழியாக முடிந்ததில் சந்தோஷம். பேரன் ஐ.டி.ஐ.யில் டீசல் மெக்கானிக் பிரிவில் சேர்ந்ததும் நல்ல சேதி. இதை அவனுக்கும் படிக்கக் கொடும், பாதி அவனுக்கானது.

1960-ல் வந்த எம்113-ஐ, அதாவது வீரர்களை ஏற்றிப் போகும் அமெரிக்கக் கவச வண்டியை, உக்ரைனில் இன்னுமா ஓட்டுகிறார்கள், டிரோன் பறக்கிற காலத்தில் அந்த அலுமினியப் பெட்டிக்குள் எவன் ஏறுவான் என்று கேட்டிருந்தீர். ஏறுகிறான் வே, சும்மா கிடைத்தால் போதும் என்று ஏறுகிறான். நீர் அதைப் பீரங்கியோடு வரும் புதிய கவச வண்டியான பிராட்லிக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறீர். அந்த வண்டி இல்லாவிட்டால் அவன் ஏறப்போவது தகரக் கதவு வைத்த பிக்கப் வேனில். 2022 ஏப்ரலில் அமெரிக்கா முதல் தவணையாக 200 எம்113 தருவதாக அறிவித்தது. பிறகு டென்மார்க், ஆஸ்திரேலியா எல்லாம் கொடுத்தன. நெதர்லாந்து அதே வம்சத்து ஒய்பிஆர்-765-ஐக் கொடுத்தது. வேனோடு ஒப்பிட்டால்தான் அவற்றின் அருமை தெரியும்.

எம்113-ன் வெளி ஓடு 5083 ரக அலுமினியம், பெரும்பாலும் 12 முதல் 38 மில்லிமீட்டர் வரை தடிமன். சாதாரணத் துப்பாக்கித் தோட்டாவும் பீரங்கிக் குண்டின் சிதறலும் பெரும்பாலும் உள்ளே வராது. பீரங்கிப் போரில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் சிதறல்தான், அதனால் இது சின்ன உபகாரம் இல்லை. கனரக இயந்திரத் துப்பாக்கியின் 14.5 மில்லிமீட்டர் தோட்டா பக்கவாட்டில் பட்டால் ஊடுருவிவிடும். கவசத்தைத் துளைக்கும் ஆர்பிஜி ராக்கெட்டின் குண்டுத் தலையைக் கட்டிக்கொண்டு வரும் டிரோனுக்கு இந்தத் தடிமன் ஒரு பொருட்டே இல்லை. அடித்தளம் தட்டை, ஆகவே ஏறத்தாழ 7 கிலோ வெடிமருந்து உள்ள டிஎம்-62 கண்ணிவெடியின் வேகம் விலகிப் போக வழியில்லாமல் நேரே உள்ளிருப்பவர்களின் காலிலும் முதுகெலும்பிலும் இறங்கும். வியட்நாமில் வீரர்கள் உள்ளே உட்காராமல் கூரைமேல் உட்கார்ந்து போனதும், தளத்தில் மணல் மூட்டை பரப்பியதும் அதற்குப் பயந்துதான்.

அப்படியானால் எந்த வேலை? பின்னணியிலிருந்து தண்ணீர், குண்டு, ஆள் கொண்டுபோவது. திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றி வருவது. ஆம்புலன்ஸாக்கினால் 4 ஸ்ட்ரெச்சர் பிடிக்கும். பின்பலகை அகலமாகக் கீழே இறங்குவதால் ஆளைச் சாய்க்காமல் ஏற்றலாம். எஞ்சின் முன்னால், வாசல் பின்னால் என்ற அமைப்பை நான் கவசத்துக்கும் மேலாக மதிக்கிறேன். ரஷ்யர்கள் 1950-களின் பிடிஆர்-50 என்ற கவச வண்டியைக்கூடக் கிடங்கிலிருந்து எடுத்துவந்தார்கள். அதில் எஞ்சின் பின்னால், ஆகவே வீரன் கூரைமேல் ஏறிக் குதித்துத்தான் இறங்க வேண்டும். மேலே டிரோன் நிற்கும்போது அப்படி இறங்குவதை நினைத்துப் பாரும்.

டாங்கியின் வேலையை இதனிடம் கொடுத்தவர்கள் எல்லோரும் விலை கொடுத்திருக்கிறார்கள். 1963 ஜனவரியில் வியட்நாமின் அப் பாக் என்ற ஊரில் நடந்த சண்டையில், மேலே நின்று இயந்திரத் துப்பாக்கி பிடித்தவர்களை எதிரி ஒவ்வொருவராகச் சுட்டான். துப்பாக்கிக்குத் தடுப்புத் தகடு வந்ததே அதற்குப் பிறகுதான். 2014 ஜூலையில் காசாவின் ஷுஜாயியாவில் குறுகிய தெருவில் நின்றுபோன ஒரு எம்113 தாக்கப்பட்டு 7 இஸ்ரேலிய வீரர்கள் இறந்தார்கள். ‘நின்றுபோன’ என்பதைக் கவனியும். ஓடாத பழைய வண்டிக்கு எந்தத் தடிமனும் உதவாது.

அதனால் பேரனுக்கான பகுதிக்கு வருகிறேன். பல வருஷம் கிடங்கில் கிடந்த எம்113ஏ2-ஐ (எம்113-ன் பிந்திய ரகம்) எழுப்பும்போது முதலில் சாவியைத் தொடக் கூடாது. டீசல் டேங்கை முழுக்க வடித்து அடியில் உள்ள கசடைக் கழுவ வேண்டும். இல்லாவிட்டால் முதல் நாளே ஃபில்டர் அடைத்து, நடு ரோட்டில் இழுவை போய்விடும். ரப்பர் ஹோஸ், சீல் எதையும் நம்ப வேண்டாம். பார்க்க நன்றாக இருக்கும், சூடு ஏறியதும் வெடிக்கும். எஞ்சின் டெட்ராய்ட் 6வி53, இரண்டு ஸ்ட்ரோக், 212 குதிரைத்திறன். தானாகக் காற்றை இழுக்காது, புளோயர்தான் உள்ளே தள்ளும். ஆயில் எஸ்ஏஇ 40 ஒற்றை கிரேடு. கையில் கிடைத்த மல்டிகிரேடை ஊற்றுவது நம் ஆட்களின் பழக்கம், இதில் வேண்டாம். புளோயர் தள்ளும் காற்று சேரும் ஏர்பாக்ஸின் வடிகுழாய் அடைத்திருக்கிறதா என்று கம்பி விட்டுப் பார்க்க வேண்டும். அதுவும் அடைத்து, புளோயர் சீலும் கசிந்தால் எஞ்சின் தன் ஆயிலையே எரித்துக்கொண்டு கட்டுப்பாடில்லாமல் ஓட ஆரம்பிக்கும். டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கும் இன்ஜெக்டர் ராக் சிக்கினாலும் கட்டுப்பாடு போய்விடும். ஆயிலில் ஓடும் எஞ்சினை டீசலை அடைத்து மட்டும் நிறுத்த முடியாது, காற்றை அடைக்க வேண்டும். ஆகவே அவசரத்தில் காற்றை அடைக்க வழி தயாராக இருக்கிறதா என்று பார்த்த பிறகே ஸ்டார்ட் செய்வது.

டிராக் உமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உம்ம பெல்ட் அறுவடை மெஷினில் சேற்றில் திரும்பும்போது பெல்ட் கழலுமே, அதே வியாதிதான், கனம் மட்டும் 11 டன். டிராக்கைக் கோக்கும் ஒவ்வொரு கண்ணியும் ஒரு ஷூ. இடப்பக்கம் 63 ஷூ, வலப்பக்கம் 64. ஸ்பிரிங்காக வேலை செய்யும் முறுக்குக் கம்பிகளான டார்ஷன் பார்கள் குறுக்காக ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகக் கிடப்பதால் இரு பக்கச் சக்கரங்களும் நேருக்கு நேர் வராது, அதனால்தான் அந்த ஒரு ஷூ வித்தியாசம். இறுக்குவது கிரீஸ் கன்னால். தளர்ந்தால் டிராக்கை இழுக்கும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டிலிருந்து கழலும். அளவுக்கு மேல் இறுக்கினால் பின், புஷ், ஃபைனல் டிரைவ் எல்லாம் சேர்ந்து தேயும். அட்ஜஸ்டர் முழு நீளத்துக்கு வந்த பிறகும் தொய்வு இருந்தால் ஒரு ஷூவைக் கழற்ற வேண்டியதுதான். ஏ2 வரை ஸ்டியரிங் வளையம் கிடையாது, இரண்டு லிவர்தான். லிவர் கடைசிவரை வந்தும் வண்டி திரும்பவில்லை என்றால் பிரேக் பேண்ட் தேய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

இப்போது டிரோனுக்காக மேலே இரும்புக் கூண்டு கட்டுகிறார்கள். வேண்டாமென்று சொல்லமாட்டேன், கட்டுகிற விதத்தில்தான் வினை. 212 குதிரைத்திறன்மேல் கூண்டு, மணல் மூட்டை, டிரோன் அலைகளைக் குழப்பும் ஜாமர் என்று ஏற்றிக்கொண்டே போனால் எஞ்சின் கொதிக்கும். மூடியில் உள்ள ரேடியேட்டர் கிரில்லை வலை மறைத்தால் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். டிரைவர் ஹேட்ச் பாதிதான் திறக்கிறது என்றால் அந்தக் கூண்டு உள்ளே இருப்பவனுக்குச் சிறை. பின்பலகை முழுக்க இறங்குமா என்று வெல்டிங் முடிந்த கையோடு பார்க்க வேண்டும். தொங்கும் வலையை ஸ்ப்ராக்கெட் சுருட்டிக்கொள்ளும். நீந்தும் சமாச்சாரத்தை மறந்துவிடலாம், இத்தனை கனத்தோடு ஆற்றில் இறக்கினால் மூழ்கும்.

ரஷ்யர்களின் எம்டி-எல்பி என்ற பழைய கவச வண்டியும் இதே ரகம்தான். பீரங்கி இழுக்க என்று கார்கிவ் டிராக்டர் ஆலை செய்தது. எஃகு அதிகபட்சம் 14 மில்லிமீட்டர். ஆனால் எஞ்சின் லாரிகளில் ஓடும் யாம்ஸ்-238, 240 குதிரைத்திறன், அதனால் உதிரிபாகம் கிடைக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே அது இன்னும் உயிரோடு இருக்கிறது. 2023-ல் அதன் தலையில் கப்பலின் 25 மில்லிமீட்டர் இரட்டைப் பீரங்கியைத் தூக்கி வைத்தார்கள். உயரம் கூடி, தூரத்திலிருந்தே தெரியும்படி ஆனது. சுடுகிறவனுக்கு மறைவும் குறைவு. எனக்கு அதில் மதிப்பில்லை. சிலவற்றில் வெடிமருந்தை நிரப்பி, ஆளில்லாமல் எதிரி அகழியை நோக்கி ஓட விட்டதும் நடந்தது. அந்த வேலைக்கு வண்டி ஒரே ஒரு தடவை ஓடினால் போதும்.

நம் ஊர்ச் சங்கதியும் இதில் உண்டு. மேடக்கில் 1987 முதல் செய்துவரும் சாரத், அதாவது ரஷ்ய வடிவமைப்பில் வந்த நம் பிஎம்பி-2 கவச வண்டி, அதுவும் வயசாளிதான். ஆனால் அதன் யுடிடி-20 எஞ்சின் ஆவடியிலேயே உருவாகிறது. எஞ்சினுக்காக வெளிநாட்டைக் கெஞ்ச வேண்டியதில்லை என்பது பெரிய பலம். அதன் பின்கதவுக்குள்ளேயே டீசல் இருப்பதைப் பற்றி நீர் கேட்டதற்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன், அது தனிக் கதை.

மைனியைக் கேட்டதாகச் சொல்லும். பேரனுக்குச் சந்தேகம் இருந்தால் நேரே எனக்கு எழுதச் சொல்லும், உம்மிடம் கேட்டால் நீர் மல்டிகிரேடு ஊற்றச் சொல்லிவிடுவீர்.

அன்புடன்,
இசக்கிமுத்து