பாட்டில் கழுத்து தந்த பெரியவருக்கு நன்றி

சனிக்கிழமை இரவு சிகாகோவில் என் தோழியின் ஆல்பம் வெளியீட்டுக் கச்சேரி. நாட்டுப்புறப் பாட்டும் ப்ளூஸும் கலந்து தானே எழுதிப் பாடுகிறவள். கிதார் பையைச் சுமப்பது என் வேலை. படியேறும்போது அவளுடைய கண்ணாடி ஸ்லைடு (விரலில் மாட்டிக்கொண்டு கிதார் தந்திகள்மேல் இழுக்கும் சிறு குழாய்) நழுவி விழுந்து இரண்டு துண்டானது. மேடையேறப் பத்து நிமிடம்தான் இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் கோட்டுப் பையிலிருந்து பச்சை நிற பாட்டில் கழுத்து ஒன்றை எடுத்து நீட்டினார். விளிம்பை வழவழவென்று தேய்த்து வைத்திருந்தார். (மிசிசிப்பி டெல்டாவின் பழைய ப்ளூஸ் கலைஞர்களும் இப்படித்தான் வாசித்தார்கள். இந்த வாசிப்புக்கு ‘பாட்டில்நெக்’ என்ற பெயரே அதனால் வந்ததுதான்.) அவள் சுண்டுவிரலுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. கடைசிப் பாட்டுக்கு ஓபன் ஜி சுருதி, அதாவது விரல் வைக்காமல் மீட்டினாலே ஜி மேஜர் ஒலிக்கும்படி தந்திகளை மாற்றிச் சுருதி சேர்ப்பது. ஆறாவது, ஐந்தாவது, முதல் தந்திகளை இரண்டு ஃப்ரெட் (கிதார் கழுத்தின் குறுக்குக் கம்பி) அளவு இறக்க வேண்டும். அதில் அவள் அந்தக் கண்ணாடியை இழுத்தபோது, உண்மையைச் சொன்னால், உடைந்ததைவிட இதன் நாதம் கனமாக இருந்தது.

முடிந்ததும் தேடினேன், ஆளைக் காணோம். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அவர் தமிழ் படிக்கப் போவதில்லை, சரி. ஆனாலும் எனக்கு நன்றி சொல்ல வருவது தமிழில்தான். ரொம்ப நன்றி ஐயா. உங்கள் பாட்டில் கழுத்து ஒரு காலுறைக்குள் பத்திரமாக இருக்கிறது.