மணற்காட்டில் மவுண்டன் பைக்

ஆசிரியருக்கு வணக்கம்.

மலையே இல்லாத யாழ்ப்பாணத்தில் மவுண்டன் பைக், அதாவது கரடுமுரடான பாதைக்கான அகல ரயர் சைக்கிள், எதற்கு என்று கேட்பவர்கள் ஒருக்கால் பருத்தித்துறைக்குக் கிட்ட மணற்காட்டுக்குப் போய்ப் பாருங்கள், மணல் மேடும் சவுக்கங்காடுமாக அகல ரயருக்கு அங்கே தாராளமாக வேலை இருக்கு. என்னைப் போல உடம்பு வைத்து, படி ஏறவே மூச்சு வாங்குகிறவர்கள் முதலில் வயல் ஓர ஒழுங்கைகளில், வெயில் ஏறமுன் ஓடிப் பழகினால் போதும். நெஞ்சு வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் டொக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். ஹெல்மெட் கட்டாயம்.

அப்புறம் மணல். ரயர் காற்றைக் கொஞ்சம் இறக்கினால் சில்லு அவ்வளவாகப் புதையாது. மணலுக்குள் இறங்க முன்னமே கியரை இலேசாக்கி, உடம்பைச் சற்றுப் பின்னுக்கு வைத்து, ஹாண்டிலை இறுக்காமல் ஒரே சீராக மிதிக்க வேண்டும், நடுவில் நின்றால் திரும்ப எடுப்பது பெரும்பாடு. மேட்டில் படர்ந்த கொடிகளுக்கு மேலால் மட்டும் ஓடாதீர்கள், மணலைப் பிடித்து வைத்திருப்பதே அவைதான்.

பிரதேச சபைகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஒழுங்கை ஓரங்களில் உடைந்து கிடக்கும் போத்தல் ஓடுகளைத் தயவுசெய்து அள்ளுங்கள், ரயர் மட்டுமல்ல, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளின் காலும் கிழிகிறது.

வாசகர் ஒருவர்,
நெல்லியடி