காத்தாடி நிற்கும் ஊருக்கும் ஒரு பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பழைய காற்றாலைகளை எடுத்துவிட்டுப் புதியவை நிறுவுவது பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். முதலீடு, யூனிட் விலை, மின்வாரியத்தின் சுமை எல்லாம் இருந்தன. காத்தாடி நிற்கிற ஊரின் கணக்கு மட்டும் இல்லை.

நான் ராதாபுரம் வட்டத்துக்காரன். தொண்ணூறுகளில் முப்பந்தல் பக்கம் காற்றாலைகள் எழும்பியபோது எங்கள் மானாவாரி நிலம் இரண்டு ஏக்கரை அப்பா ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தார். காணம் (கொள்ளு) விதைத்தால் போட்ட விதையாவது திரும்புமா என்கிற பூமி. தரகர் சொன்ன விலை அன்றைக்குப் பெரிதாகத்தான் பட்டது. அக்கா கல்யாணம் அதில்தான் நடந்தது. அதனால் ஏமாற்றிவிட்டார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 25 வருஷத்துக்கு மேலாக அங்கே விசிறி சுற்றுகிறது, எங்களுக்கு வந்தது அந்த ஒரு தடவைப் பணம்தான். அப்புறம் சித்தப்பா மகனுக்கு வாட்ச்மேன் வேலை.

நிலம் வாங்கிக் காற்றாலை போட்டவர்களில் கோவை, திருப்பூர் பக்கத்து மில்காரர்கள் நிறைய. தொண்ணூறுகளில் காற்றாலையில் போட்ட பணம் முழுவதையும் முதல் வருஷமே தேய்மானச் செலவாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ள முடிந்தது. பிற்பாடு அது 80 சதவீதம், 2017இலிருந்து 40. ஆடியில் மிஞ்சும் மின்சாரத்தை வாரியத்தின் கணக்கில் வைத்துவிட்டு, காற்றில்லாத மாதங்களில் திரும்ப எடுக்கும் வசதியும் உண்டு. 2018 மார்ச்சுக்குப் பிறகு வந்த காற்றாலைகளுக்குத்தான் அது இல்லை. மில்லுக்குக் கரண்ட் செலவு குறைந்தது, அதனால் பல பேருக்கு வேலை நிலைத்தது. அதையும் மறுக்கவில்லை.

பழையதை மாற்றுவதும் நல்லதுதான். எங்கள் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பலமாக வீசும் இடத்தில்தான் 30 மீட்டர் கோபுரத்தில் 250 கிலோவாட் இயந்திரங்கள் நிற்கின்றன. இன்றைய கோபுரங்கள் 100 மீட்டரைத் தாண்டுகின்றன, ஒன்றே 2 மெகாவாட்டுக்கு மேல் தரும். ஆனால் அதைக் கொண்டுவரப் பெரிய கிரேன், அகலமான பாதை, இடைவெளி விட அக்கம்பக்கத்து நிலம் எல்லாம் வேண்டும். மறுபடி எங்களிடம்தான் வந்தாக வேண்டும்.

இந்தத் தடவை கிரயம் வேண்டாம், குத்தகை போதும். ஊராட்சிக்கு யூனிட் கணக்கில் ஒரு பங்கும் வேண்டும். 2 மெகாவாட் இயந்திரம் கால்வாசித் திறனில் ஓடினாலே வருஷத்துக்குச் சுமார் 44 லட்சம் யூனிட். யூனிட்டுக்கு 5 பைசா என்றால் 2 லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். 2017 ஏலத்தில் யூனிட் விலை 3 ரூபாய் 46 பைசாவுக்கு இறங்கிய தொழிலில் 5 பைசாவும் கனம்தான் என்பார்கள். சரி, 3 பைசா வையுங்கள். தூர்வாராமல் கிடக்கும் ஊருணிக்கு அதுவே ஆகும்.

எதுவானாலும் அரசு சீக்கிரம் விதியாகப் போட வேண்டும். தரகர்கள் இப்போதே பைக்கில் வந்து போகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
ராதாபுரம் வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.