யாழினிக்கு எந்தப் படம் முதலில்?

அன்புள்ள மாலதி,

பதில் போடத் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. பொங்கல் முடிந்த கையோடு அம்மாவுக்கு இடது கண்ணில் கண்புரை எடுத்தார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. வேளை தவறாமல் சொட்டு மருந்து விடுவது, தலையில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்வது, அடுப்படிப் பக்கம் போகவிடாமல் தடுப்பது என்று நாள் ஓடியது. இதில் மூன்றாவதுதான் பெரும்பாடு. "ஒரு ரசம் வைக்கக்கூடவா கண்ணு வேணும்?" என்கிறார்.

ஓசூர் தண்ணீர் யாழினிக்கு ஒத்துக்கொண்டதா? புதுப் பள்ளிக்கூடத்தில் தோழிகள் கிடைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தாய், சந்தோஷம். அந்தத் தோழிகளில் ஒருத்தியால்தானே இந்தக் கேள்வியே வந்தது! யாழினிக்கு ஸ்டார் வார்ஸ் விண்வெளிப் படங்களைப் பார்க்க வேண்டுமாம், எதிலிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருந்தாய். இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், எங்கள் வீட்டில் கேட்டிருக்கக் கூடாது. பொங்கலுக்கு எல்லோரும் கும்பகோணத்தில் கூடியிருந்தபோது உன் மெயிலை வாய்விட்டுப் படித்துத் தொலைத்தேன். மாட்டுப் பொங்கல் சாப்பாடு ஆறிப்போகும் வரை சண்டை.

அண்ணன் மகன் கார்த்தி, கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் படிக்கிறானே, அவன் கட்சி கதை வரிசை. "அத்தை, படத்துலயே ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போட்டிருக்காங்க. அப்புறம் என்ன கேள்வி?" என்கிறான். 1977-இல் முதல் படம் வெளிவந்தபோது அதில் எந்த எண்ணும் கிடையாது என்றேன். வெறும் ஸ்டார் வார்ஸ்தான். நான்காம் அத்தியாயம் என்ற தலைப்பு 1981 மறுவெளியீட்டில் ஒட்டியது. முதல் அத்தியாயம் என்று சொல்லப்படும் படம் வந்ததோ 1999-இல். அதாவது ஒன்றாம் நம்பர் படம் நாலாவதாக வந்த படம்.

நமக்கும் அதுதானே முதல் படம், ஞாபகம் இருக்கிறதா? திருச்சியில் படிக்கும்போது கூட்டமாகப் போனோம். மஞ்சள் எழுத்துகள் மேலே ஏறிப்போகும். வணிகப் பாதைகளுக்கு வரி போடுவதில் தகராறு என்று அதில் கதை ஆரம்பிக்கும். நீ பொருளாதாரம் படித்தவள், உனக்கே கொட்டாவி வந்தது. ஒன்பது வயதுக் குழந்தையை அந்த வாசல் வழியாகவா உள்ளே கூட்டிப்போவது? 1977 படமும் எழுத்துகளோடுதான் தொடங்கும். ஆனால் அது முடிந்த கையோடு ஒரு சின்னக் கப்பலை ஒரு பிரம்மாண்டமான கப்பல் துரத்திக்கொண்டு வரும். அந்தப் பெரிய கப்பல் தலைக்கு மேலே போய்க்கொண்டே இருக்கும், முடியவே முடியாது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்று வசனமே இல்லாமல் குழந்தைக்குப் புரிந்துவிடும்.

என் கட்சி உனக்குத் தெரிந்திருக்கும்: ரிலீஸ் ஆன வரிசை. 1977, 1980, 1983. இந்த மூன்றையும் முதலில் காட்டு. காரணம் சொல்கிறேன்.

1980 படத்தில் கதாநாயகன் லூக் ஒரு மாபெரும் குருவைத் தேடிச் சதுப்பு நிலம் ஒன்றுக்குப் போவான். அங்கே பச்சை நிறத்தில், முழங்கால் உயரத்தில், காது நீண்ட கிழம் ஒன்று வந்து அவன் சாப்பாட்டு டப்பாவைக் கிளறும். ருசி பார்த்துவிட்டு முகம் சுளிக்கும். ஒரு குட்டி விளக்கை எடுத்துக்கொண்டு தரமாட்டேன் என்று ஆர்டூடிடூ ரோபோவோடு மல்லுக்கட்டும். லூக்குக்கு எரிச்சல் தாங்காது, 'நான் எவ்வளவு பெரிய ஆளைத் தேடி வந்திருக்கிறேன், இது என்ன தொல்லை' என்று. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரியும், இதுதான் அந்தக் குரு யோடா என்று. கதை வரிசையில் பார்த்தவளுக்கு அதற்கு முன்பே மூன்று படங்களில் யோடா சபையில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்வதும், கத்தியைச் சுழற்றிக்கொண்டு குட்டிக்கரணம் போடுவதும் பழகியிருக்கும். அவளுக்கு இந்தக் காட்சியில் என்ன மிச்சம்?

யாழினியின் தண்ணீர் பாட்டிலில் பேபி யோடா படம் இருக்கிறது என்று நீ எழுதியதை மறக்கவில்லை. அது 2019-இல் வந்த தொடரில் வரும் வேறு குழந்தை, யோடாவே இல்லை. முகச்சாயலை வைத்து அவள் லூக்கை முந்திக்கொண்டு "இவர்தான், இவர்தான்" என்று கத்தலாம். கத்தட்டும், அதுவும் ஒரு சுகம்தான்.

கார்த்திக்கு இதெல்லாம் ஏறவில்லை. கடைசியில் பாட்ஷாவை இழுத்தேன். பம்பாய்க் கதையை முதலில் காட்டிவிட்டு, அப்புறம் ஆட்டோ ஓட்டும் மாணிக்கத்தைக் காட்டினால் எப்படி இருக்கும்? கம்பத்தில் கட்டி வைத்து அடிக்கும்போது வாங்கிக்கொள்கிறாரே, அப்போது 'இந்த மனுஷன் ஏன் இவ்வளவு பொறுமையாக இருக்கிறார்' என்று நமக்குள் குடைந்ததுதானே படம்! காலண்டர்படி அடுக்கினால் கதை இருக்கும், பாட்ஷா இருக்காது. இதைக் கேட்டு அண்ணன் என் பக்கம் வந்துவிட்டார். அவர் ஸ்டார் வார்ஸ் ஒன்றுகூடப் பார்த்ததில்லை என்பது வேறு விஷயம்.

அங்கேதான் என் கொழுந்தனார் உள்ளே புகுந்தார். "அண்ணி, நீங்க சொன்ன பாட்ஷா கணக்கு என் வரிசைக்குத்தான் பொருந்தும்" என்றார். அவர் மஷெட்டி வரிசைக்காரர். 2011-இல் ஒரு அமெரிக்க மென்பொருள்காரர் எழுதிப் பிரபலமான வரிசை அது: நான்கு, ஐந்து, அப்புறம் இரண்டு, மூன்று, கடைசியில் ஆறு. ஒன்றாம் அத்தியாயத்தைத் தூக்கிக் கடாசிவிடுவது. ஐந்தின், அதாவது 1980 படத்தின், முடிவில் வில்லன் டார்த் வேடர் லூக்கிடம், "நான்தான் உன் தகப்பன்" என்று சொல்லும் இடத்தில் கதையை நிறுத்தி, அந்தத் தகப்பன் எப்படிக் கெட்டுப்போனான் என்று இரண்டு படம் ஃப்ளாஷ்பேக் காட்டி, பிறகு முடிவுக்கு வருவது. நம்ம ஊர் இடைவேளை மாதிரியேதான். கெட்டிக்காரத்தனமான வரிசை என்பதை ஒத்துக்கொள்கிறேன். பெரியவர்களுக்கு நானே சொல்வேன்.

ஆனால் யாழினிக்கு வேண்டாம். மூன்றாம் அத்தியாயத்தில் அனகின், அதாவது பின்னால் வேடராக மாறும் அந்தத் தகப்பன், சின்னப் பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் வாளோடு நுழைவான். கடைசியில் எரிமலைக் குழம்பின் ஓரத்தில் கை கால் இல்லாமல் உடம்பு பற்றி எரியக் கிடப்பான். அமெரிக்காவிலேயே அந்த வரிசையில் பிஜி-13, அதாவது பதின்மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் விஷயத்தில் பெற்றோர் ஜாக்கிரதை என்ற சான்றிதழ் வாங்கிய முதல் படம் அதுதான். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதைக் கதையின் நடுவில் வைத்தால் ராத்திரி உனக்குத் தூக்கம் போகும்.

இதற்குள் அம்மா, கட்டுப்போடாத கண்களோடு அப்போது நன்றாகத்தான் இருந்தார், சமையலறையிலிருந்து கேட்டார்: "அப்பன்தான் வில்லன், சரி. ஆத்தா யாரு?" எல்லோரும் கப்சிப். அந்தக் கேள்விக்குப் பதில்தான் 1999-லிருந்து 2005 வரை வந்த மூன்று படங்களும். அதிலும் ஒரு வேடிக்கை. 1983 படத்தில் லூக், தன் இரட்டைச் சகோதரி லேயாவிடம் அம்மாவை ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பான். அவள், நான் ரொம்பச் சின்னவளாக இருந்தபோதே இறந்துவிட்டாள், அழகாக இருப்பாள், முகத்தில் ஒரு சோகம் இருக்கும் என்பாள். 2005 படத்திலோ அந்தத் தாய் பிரசவத்திலேயே கண்ணை மூடிவிடுகிறாள். கதை வரிசையில் பார்க்கும் பிள்ளை 'பிறந்த அன்னைக்கே செத்த அம்மாவை இவளுக்கு எப்படித் தெரியும்' என்று கேட்டால் நீ என்ன சொல்வாய்? ரிலீஸ் வரிசையில் பார்த்தால் இந்த வம்பு இவ்வளவு உறுத்தாது.

டிஸ்க்கிலும் ஓடிடியிலும் இப்போது கிடைப்பது திருத்திய பிரதிகள் என்பதால் ஒரே ஒரு இடத்தில் நீ பக்கத்தில் இரு. 1983 படத்தின் கடைசியில் மூன்று ஆவிகள் சிரித்துக்கொண்டு நிற்கும். முதலில் வந்தபோது அனகினாக நின்றவர் ஒரு வயதான நடிகர். 2004-இல் அவரை எடுத்துவிட்டு, பின்னால் வந்த படங்களில் நடித்த ஹேடன் கிறிஸ்டென்சனை அங்கே நிறுத்திவிட்டார்கள். அந்தப் படங்களைப் பார்க்காத யாழினி 'இது யார் புது ஆள்' என்பாள். 'அவர்தான் அப்பா, சின்ன வயதில்' என்று சொல்லிவிடு, போதும்.

இன்னொன்று, மூன்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் போட்டுக் காட்டிவிடாதே. கட்டப்பா ஏன் பாகுபலியைக் கொன்றான் என்று 2015-லிருந்து 2017 வரை ஊரே மண்டையை உடைத்துக்கொண்டது. அந்த இரண்டு வருஷமும் படத்தில் சேர்த்திதானே? வேடர் சொன்ன அந்த ஒரு வரி மெய்யா பொய்யா என்று அமெரிக்கப் பிள்ளைகள் 1980-லிருந்து மூன்று வருஷம் அடித்துக்கொண்டார்கள். படப்பிடிப்பிலேயே அதை ஒளித்து வைத்திருந்தார்களாம். வேடர் உடைக்குள் இருந்தவர் பேசிய வசனமே வேறு, உன் அப்பாவைக் கொன்றது உன் குரு ஓபி-வான் என்று. லூக்காக நடித்த மார்க் ஹாமிலுக்குக் காட்சி எடுப்பதற்குச் சற்று முன்னால்தான் உண்மையைச் சொன்னார்கள். யாழினிக்கு மூன்று வருஷம் வேண்டாம், ஒரு மாதமாவது கொடு. பள்ளிக்கூட வேனில் அந்தத் தோழியோடு சண்டை போடட்டும்.

நீ கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். லயன் கிங் விஷயத்திலும் இதே கதைதான். முஃபாசா படம் 2024-இல் வந்ததே, அதில் தமிழில் அர்ஜுன் தாஸ் குரல் கணீரென்று இருக்கிறது. அது முன்கதை என்பதற்காக அதை முதலில் போடக் கூடாது. சிம்பாவின் மகளுக்கு ரஃபிகி சொல்லும் கதையாகத்தான் அந்தப் படமே ஓடுகிறது. இரண்டு சிங்கக் குட்டிகளும் அண்ணன் தம்பியாய் விளையாடும்போது நமக்குத் தொண்டை அடைப்பது, பின்னால் ஒருவன் மற்றவனைப் பாறையிலிருந்து தள்ளிவிடுவான் என்று ஏற்கெனவே தெரிந்திருப்பதால்தான். தெரியாத பிள்ளைக்கு அது வெறும் குட்டிகளின் விளையாட்டு. முன்கதை எடுப்பவர்கள் பெரும்பாலும் முதல் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்களை மனதில் வைத்துத்தான் எடுக்கிறார்கள். மினியன்ஸ் மட்டும் விதிவிலக்கு, அதை எப்படிப் போட்டாலும் ஒன்றுதான்.

இப்போது முக்கியமான விஷயம். நீங்கள் டாய் ஸ்டோரி முதல் பாகத்தோடு நிற்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். இரண்டாம் பாகத்தைத் தயவுசெய்து ஸ்டார் வார்ஸ் முடியும் வரை தொடாதே! அதில் பஸ் என்ற விண்வெளி வீரர் பொம்மையின் எதிரி ஜர்க், லிஃப்ட்டின் உச்சியில் நின்றுகொண்டு "நான்தான் உன் தகப்பன்" என்று அப்படியே வேடர் மாதிரி சொல்வான். முதலில் இதைப் பார்த்துவிட்டால் அங்கேயும் சிரிப்பு வராது, பிறகு அசலைப் பார்க்கும்போதும் தூக்கிவாரிப் போடாது. இரண்டு படமும் போச்சு. எங்கள் பக்கத்து வீட்டுப் பையனுக்கு அப்படித்தான் ஆனது. வேடர் அதைச் சொன்னபோது அவன், "ஐய, ஜர்க்கைப் பார்த்துக் காப்பி அடிச்சிருக்காங்க" என்றான்.

டாய் ஸ்டோரியை மூன்றாம் பாகத்தோடு நிறுத்திவிடு என்பது என் கட்சி. பொம்மைகளுக்குச் சொந்தக்காரப் பையன் ஆண்டி கல்லூரிக்குக் கிளம்பும் முன் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி அந்தச் சின்னப் பெண்ணிடம் ஒப்படைத்ததும் கதை முடிந்துவிட்டது. 2019-இல் வந்த நாலாவது நல்ல படம்தான், ஆனால் எனக்கு வேண்டாம். கார்த்தி இதற்கும் சண்டைக்கு வருவான், அவன் நம்பரை உனக்கு அனுப்புகிறேன், அவனிடமே பேசிக்கொள்.

1999-லிருந்து 2005 வரை வந்த படங்களை யாழினி ஏழாவது எட்டாவது போகும்போது பார்க்கலாம். அப்போதும் அந்த வரித் தகராறை விளக்க நீதான் உட்கார வேண்டும்.

மார்ச் கடைசியில் அம்மாவை மறுபரிசோதனைக்குக் கூட்டிப்போக வேண்டும். அது முடிந்ததும் ஓசூருக்கு வரப் பார்க்கிறேன். உன் மாமியாருக்குக் கும்பகோணம் வெற்றிலை பிடிக்குமே, கொண்டுவரவா? அதற்கு முன்னால் 1980 படத்தைக் காட்டிவிட்டால், வேடர் அந்த வரியைச் சொன்னதும் யாழினி என்ன சொன்னாள் என்று அன்றைக்கே போன் பண்ணு. ராத்திரி பதினொன்றானாலும் பரவாயில்லை, அம்மாவின் சொட்டு மருந்துக்காக விழித்துத்தான் இருப்பேன்.

அன்புடன்,
செல்வி