தரைக்குள் அடைந்த காற்று

உல்ம், ஜெர்மனி
ஜனவரி 18

அன்பு முருகேசனுக்கு,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. சின்னவளுக்கு வரன் அமைந்ததில் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். ஆவணியில் முகூர்த்தம் என்றால் இப்போதே லீவு சொல்லி வைத்துவிடுகிறேன். கிணற்று மோட்டார் தினமும் காற்று வாங்குகிறது என்று எழுதியிருந்தாயே, அதற்குக் கடைசியில் வருகிறேன். நானும் இந்த ஒரு மாதமாகக் காற்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா நவம்பரில் வந்தது உனக்குத் தெரியும். மாடியில் வெயில் விழுகிற அறையைக் கொடுத்தோம். இந்த வீட்டில் அறையைச் சூடாக்கச் சுவரோரம் ரேடியேட்டர் கிடையாது. தரைக்கு அடியில், சிமென்ட் பூச்சுக்குள், சுண்டுவிரல் பருமனில் பிளாஸ்டிக் குழாய் சுருள் சுருளாகக் கிடக்கும். அதில் 35 டிகிரி வெந்நீர் சுற்றி வரும். பொழுது சாய்ந்த பிறகு நம் ஊர் மொட்டை மாடியில் வெறுங்காலோடு நடந்தால் ஒரு சூடு இருக்குமே, கூடத்துத் தரை அப்படி இருக்கும். அம்மாவின் அறை மட்டும் சில்லிட்டுக் கிடந்தது. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுக்கொண்டு, கட்டிலுக்குப் பக்கத்தில் துண்டை விரித்து அதன்மேல் கால் வைத்துக்கொண்டிருந்தார்கள். கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கு" என்பார்கள். ஒருநாள் காலையில், "ராத்திரி தரைக்குள்ள யாரோ வாய் கொப்பளிக்கிற மாதிரி சத்தம் கேட்குதுப்பா" என்றபோதுதான் எனக்கு உறைத்தது. குழாயில் காற்று.

உன் அப்பா தோட்டத்து டீசல் எஞ்சின் நினைவிருக்கிறதா? டேங்க் வற்றிப் போனால், பிறகு எவ்வளவு டீசல் ஊற்றினாலும் எஞ்சின் பிடிக்காது. ஃபில்டர் பக்கத்துத் திருகைத் தளர்த்திவிட்டு நீ கையால் லிவரை அடிப்பாய். நுரை நின்று வெறும் டீசல் வருகிறதா என்று நான் பார்ப்பேன். இதுவும் அதே வேலைதான். ரேடியேட்டர் என்றால் காற்று தானாக மேலே ஏறி நிற்கும், உச்சியில் இருக்கும் திருகைத் திறந்தால் வெளியே போய்விடும். தரைக் குழாய் படுத்துக் கிடப்பதால் காற்றுக்கு ஏறிப்போக இடமில்லை. அந்த அறையின் குழாய் மட்டும் 90 மீட்டர். நிமிடத்துக்கு 2 லிட்டர் ஓட வேண்டிய இடத்தில் அளவுமானி பூஜ்யத்தில் நின்றது.

சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டேன், மூன்று வாரம் கழித்துத் தேதி கொடுத்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர் ஹீட்டிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "வா, நாமே செய்வோம்" என்று ஒரு சனிக்கிழமை ஹோஸ், வாளியோடு வந்து நின்றார்.

பம்பையும் பாய்லரையும் நிறுத்தினோம். மாடியில் ஒரு சுவர்ப் பெட்டிக்குள் இரண்டு தடித்த குழாய்கள் இருக்கின்றன. ஒன்றிலிருந்து ஒவ்வொரு அறைக்கும் வெந்நீர் பிரிந்து போகும், மற்றதில் திரும்பி வந்து சேரும். பாய்லர் பக்கத்து வால்வுகளை மூடிவிட்டு, போகிற குழாயில் தண்ணீர் ஹோஸையும் வருகிற குழாயில் இன்னொரு ஹோஸையும் மாட்டினோம். இரண்டாவதின் நுனி வாளித் தண்ணீருக்குள். எல்லா அறைகளையும் அடைத்துவிட்டு அம்மாவின் அறையை மட்டும் திறந்தோம். ஒன்றை மட்டும் திறந்தால்தான் வேகம் கிடைக்கும், வேகம் இருந்தால்தான் தண்ணீர் காற்றை இழுத்துக்கொண்டு வரும். இரண்டைச் சேர்த்துத் திறந்தால் தண்ணீர் சுலபமான வழியில் ஓடிவிடும், காற்று இருந்த இடத்திலேயே இருக்கும். தலைகீழாகத் தண்ணீர் விட்டால் அளவுமானி கெட்டுப்போகும் என்றும் சொன்னார்.

முதலில் கறுப்புத் தண்ணீர். அப்புறம் பொளக் பொளக்கென்று பெரிய குமிழிகள், பிறகு பாலைப்போல் வெளுத்த நுரை. அந்தக் குழாய்க்குள் பிடிப்பதே ஒரு வாளித் தண்ணீர்தான், பத்து லிட்டர். மூன்று வாளி நிறைந்த பிறகுதான் தண்ணீர் தெளிந்து வந்தது. அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். பெரியவர் வாளியைக் கீழே வைக்கவில்லை. "இந்தக் காற்று எப்படி உள்ளே வந்தது?" என்று கேட்டார். வாராவாரம் அழுத்தம் இறங்குகிறது, அழுத்தமானி 1.5 பார் காட்டும்வரை நான் தண்ணீர் ஏற்றிவிடுவேன் என்றேன். நேராகக் கீழே பாய்லர் அறைக்குப் போனார். அங்கே சிவப்பாக ஒரு இரும்புத் தொட்டி. உள்ளே ரப்பர் சவ்வு. ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் காற்று. எங்கள் வீட்டுக் குழாய்களில் ஓடுகிற 200 லிட்டர் தண்ணீர் 20 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்குச் சூடானால் முக்கால் லிட்டருக்கு மேல் பெருகும். அதற்கு இடம் விடத்தான் அந்தத் தொட்டி. தண்ணீர்ப் பக்கத்து அழுத்தத்தை இறக்கிவிட்டு, கார் டயருக்குப் பார்க்கிற மானியை வைத்துப் பார்த்தார், முள் அசையவில்லை. உள்ளே இருந்த காற்றெல்லாம் எப்போதோ கசிந்து, தொட்டி முழுக்கத் தண்ணீராக நின்றிருக்கிறது. சூடாகும்போது பெருகும் தண்ணீர் சேஃப்டி வால்வு வழியாகச் சொட்டி வெளியே போகும். ஆறும்போது தண்ணீர் குறைவதால் மாடிக் குழாய்கள் வெளிக்காற்றை உறிஞ்சும். நான் ஊற்றுகிற புதுத் தண்ணீரிலும் காற்று கரைந்திருக்கும். சூடானதும் அது பிரிந்து வந்துவிடும். அம்மாவுக்குச் சூடு வேண்டும் என்று நான் செய்ததெல்லாம் அவர்கள் தரைக்குள் காற்றைச் சேர்த்த வேலை. அதை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டப்படுகிறது. நல்லவேளை, சவ்வு கிழியவில்லை. சைக்கிள் பம்பால் 1 பாருக்கு அடித்து ஏற்றினோம். அதன்பிறகு முள் இறங்கவே இல்லை.

சிமென்ட் தரை சூடேற நேரம் பிடிக்கும். சனி இரவு ஒன்றும் தெரியவில்லை. ஞாயிறு மதியம் அம்மா சாக்ஸைக் கழற்றிவிட்டார்கள். இப்போது கீரை ஆய்வதுகூடத் தரையில் உட்கார்ந்துதான்.

சரி, உன் மோட்டாருக்கு வருகிறேன். காலையில் தண்ணீர் ஊற்றி ஓட்டிவிட்டால் போதும் என்று விட்டுவிடாதே, மாப்ளே. சாயங்காலம் உறிஞ்சு குழாயை நிரப்பி வைத்துவிட்டு, விடிந்ததும் பார். தண்ணீர் இறங்கியிருந்தால், குழாயின் அடிநுனியில் தண்ணீரைத் திரும்ப விடாமல் தடுக்கிற ஃபுட் வால்வு கசிகிறது. அப்படியே நின்றும் ஓடும்போது காற்று வாங்கினால் குழாய் ஜாயின்ட்டையும், பம்பின் தண்டைச் சுற்றி அடைக்கிற கிளாண்டையும் பார். தெரிந்ததும் போன் பண்ணு. ஞாயிற்றுக்கிழமை என்றால் அம்மாவும் உன்னோடு பேசுவார்கள். சம்பந்தி வீட்டைப் பற்றி உன்னிடம் நிறையக் கேட்க வேண்டுமாம்.

அன்புடன்,
செல்வம்