விடுதலையையும் சேர்த்துப் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார இதழில் பழைய நட்சத்திரங்கள் பற்றிய பக்கத்தில், எம்.கே.தியாகராஜ பாகவதரை 'லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றவர்' என்று போட்டுவிட்டு அடுத்தவருக்குப் போய்விட்டீர்கள். மனசு கேட்கவில்லை, எழுதுகிறேன்.

சினிமாக்காரர்களின் அந்தரங்கத்தை எழுதிய 'இந்து நேசன்' பத்திரிகையை நடத்திய லட்சுமிகாந்தனை 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் ரிக்‌ஷாவில் போகும்போது கத்தியால் குத்தினார்கள். மறுநாள் ஜெனரல் ஆஸ்பத்திரியில் இறந்தார். அவர் எழுதிய எழுத்து எப்படிப்பட்டதாக இருந்தாலும், அது கொடுமையான சாவுதான். வழக்கில் சிக்கிய டைரக்டர் ஸ்ரீராமுலு நாயுடு விடுதலையானார். பாகவதரையும் என்.எஸ்.கிருஷ்ணனையும் ஜூரிகளாக உட்கார்ந்த ஒன்பது பொதுமக்களில் ஆறு பேர் குற்றவாளி என்றார்கள். மூன்று பேர் ஒத்துக்கொள்ளவில்லை. 1945 மே மாதம் தண்டனை. சென்னை ஐகோர்ட்டில் செய்த அப்பீலும் தள்ளுபடி. அப்புறம் அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், கேஸ் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் அதே ஐகோர்ட் இருவரையும் விடுதலை செய்தது. உங்கள் பக்கத்தில் விட்டுப்போனது இதுதான்.

வழக்கு நடந்தபோது பிராட்வே தியேட்டரில் பாகவதர் நடித்த 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது. கோர்ட்டுக்கும் தியேட்டருக்கும் நடக்கிற தூரம்தான். 1944 தீபாவளிக்கு வந்த படம் மூன்று தீபாவளி பார்த்தது. ஹார்பரில் மூட்டை தூக்கிய என் தாத்தா, பாகவதர் ஜெயிலில் இருந்த நாளிலும் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வருவாராம்.

எங்கள் வண்ணாரப்பேட்டை வீட்டில் பாகவதர் படம் ஒன்று மாட்டியிருந்தது. தீர்ப்பு வந்த அன்று, 'கொலைகாரன் படம் குழந்தைங்க இருக்கிற வீட்ல எதுக்கு' என்று பக்கத்து வீட்டில் சொல்ல, ஆயா கழற்றி டிரங்குப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டார். விடுதலைச் செய்தி வந்ததும் தாத்தா அதே ஆணியில் திரும்ப மாட்டினார். அதற்குள் இடது தோளைச் செல்லரித்துவிட்டது. அந்தப் படம் இப்போது என்னிடம் இருக்கிறது.

வெளியே வந்த பாகவதருக்குப் பழைய மவுசு திரும்பவே இல்லை. 1959இல் போய்ச் சேர்ந்தார். இன்றைக்கும் டீக்கடையில் அவர் பேச்சு வந்தால், 'கொலை கேஸ்ல உள்ள போனவர்தானே' என்கிறார்கள். வெளியே வந்ததை யாரும் சொல்வதில்லை. இப்போதும் ஒரு நடிகரைப் போலீஸ் பிடித்துப்போன அன்று ராத்திரியே டிவியில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யக்கூட வேளை வருவதில்லை. புகழ் பெற்றவர் என்பதற்காகத் தப்பவிடச் சொல்லவில்லை. நிரூபித்தால் தண்டனை கொடுக்கட்டும். அதுவரை அவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான்.

அடுத்த இதழில் 'பாகவதரும் என்.எஸ்.கே.யும் 1947இல் விடுதலை செய்யப்பட்டார்கள்' என்று அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21