ஞாயிற்றுக்கிழமை போனை ஏன் எடுக்கவில்லை என்றால்

அன்புள்ள கண்ணா,

ஞாயிற்றுக்கிழமை நீ மறுபடி மறுபடி கூப்பிட்டிருந்தாய். உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. போன் பைக்குள் சத்தமில்லாமல் கிடந்தது. அத்தையும் நானும் தியேட்டரில் இருந்தோம். ஒரு கொரியப் படம் பார்த்துவிட்டு, அங்கிருந்து அப்படியே கொரியச் சாப்பாடு சாப்பிடப் போய்விட்டோம். வீடு வந்து சேரும்போது நன்றாக இருட்டிவிட்டது. ‘நல்லா இருக்கேன், நாளைக்கு எழுதறேன்’ என்று ராத்திரி அனுப்பினேன் இல்லையா, அதுதான் இது. போனில் சொன்னால் நீ வேலையைப் பார்த்துக்கொண்டே ‘சரிம்மா, சரிம்மா’ என்பாய். கடிதமென்றால் உட்கார்ந்து படிப்பாய். எனக்கு நீ உட்கார்ந்து படிக்க வேண்டும்.

காலைக் காட்சிக்குத்தான் போனோம். நாள் முழுக்க நம் கையில் இருக்க வேண்டும் என்றால் படம் முதலில், சாப்பாடு அப்புறம். வயிறு நிறைந்த பிறகு இருட்டில் உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். படம் முடிந்து வெளியே வரும்போது நல்ல பசி, பேசுவதற்கும் நிறைய இருக்கும். இந்த ஏற்பாடெல்லாம் அத்தை போட்டது. டிக்கெட் எடுக்கும்போதே நடுவரிசைக்கும் கொஞ்சம் பின்னால் பார்த்து எடுத்தாள். ரொம்ப முன்னால் உட்கார்ந்தால் கீழே ஓடும் எழுத்தைப் படிப்பதா, முகத்தைப் பார்ப்பதா என்று கழுத்து வலிக்கும். பின்னால் என்றால் இரண்டும் ஒரே பார்வையில் விழும்.

சப்டைட்டில் உள்ள படத்தில் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா? கண்ணை எடுக்க முடியாது. வீட்டில் டிவி ஓடும்போது பாதி கவனம் அடுப்பில், பாதி கவனம் வாசலில் இருக்கும். இங்கே ஒரு வரியை விட்டால் விட்டதுதான். அதனால் யாரும் பக்கத்தில் திரும்பிப் பேசவில்லை, போனைத் தடவவில்லை. மொழி தெரியாவிட்டாலும் குரல் புரிகிறது. கோபமா, சலிப்பா, சொல்ல வந்ததை விழுங்குகிறார்களா என்று எழுத்து வருவதற்கு முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

படத்தின் பெயரைத் தனியாக அனுப்புகிறேன். கதை முழுவதையும் சொல்லிவிட்டால் நீ பார்க்க மாட்டாய். ஒரு இடம் மட்டும் சொல்கிறேன். ரொம்ப நாள் கழித்து ஒரு பாட்டியின் மகன் வீட்டுக்கு வருகிறான். ‘ஏன் வரவில்லை, என்ன ஆச்சு’ என்று ஒன்றும் கேட்காமல் பாட்டி சோற்றுக் கிண்ணத்தை வைக்கிறாள், சூப்பை வைக்கிறாள், அவன் கைக்கு எட்டாத தட்டு ஒன்றை ஒரு விரலால் மெதுவாக அவன் பக்கம் நகர்த்துகிறாள். கேமரா அந்தத் தட்டை விட்டு அசையவே இல்லை. இசை கிடையாது. கரண்டி கிண்ணத்தில் படுகிற சத்தம் மட்டும்தான். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வெளியே வரும்போது அந்தப் பாட்டியை நினைத்துக்கொண்டே, யூன் யோ ஜங் என்ற நடிகையைப் பற்றி அத்தை சொன்னாள். 2021இல் சிறந்த துணை நடிகைக்கான ஆஸ்கர் வாங்கியவர். நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் கொரியர் அவர்தான், அப்போது அவருக்கு வயது 73. இளம் வயதிலேயே பெயர் வாங்கி, கல்யாணமாகி, நடிப்பை விட்டுவிட்டு அமெரிக்கா போனவர். பிறகு நாடு திரும்பி, மணமுறிவுக்குப் பின் இரண்டு மகன்களை வளர்ப்பதற்காகக் கிடைத்த வேடங்களில் எல்லாம் நடித்திருக்கிறார். விருது மேடையில் அந்த மகன்களுக்குத்தான் நன்றி சொன்னார், தன்னை வேலைக்குப் போகவைத்தது அவர்கள்தான் என்று. இதைக் கேட்டதும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த வயதில் ஒருத்தி மேடையேறி நின்று, ‘நான் உழைத்தேன்’ என்று கூச்சப்படாமல் சொல்வது நன்றாக இருக்கிறது.

சரி, சாப்பாட்டுக்கு வருகிறேன்.

உட்கார்ந்ததும் நாம் கேட்காமலே சின்னச் சின்னத் தட்டுகள் வந்து மேஜை நிறைந்துவிடுகிறது. பன்ச்சான் என்கிறார்கள். எள்ளெண்ணெயில் புரட்டிய பசலைக் கீரை, முளைகட்டிய பயறு, முள்ளங்கி, கிம்ச்சி என்ற புளிக்கவைத்த கோஸ். தீர்ந்தால் மறுபடி கொண்டுவந்து வைப்பார்கள், அதற்குத் தனிக் காசு வாங்குவது வழக்கமில்லை. எல்லாம் மேஜைக்கு நடுவில்தான் இருக்கும், யாருக்கும் தனித் தட்டு கிடையாது. நீ எடுக்கும்போது எதிரில் இருப்பவர் எதை விரும்பிச் சாப்பிடுகிறார், எது அவருக்கு எட்டவில்லை என்று தானாகக் கவனிக்க வேண்டியிருக்கிறது. படத்தில் பார்த்த அந்த விரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அங்கேதான் புரிந்தது.

அத்தை மாமிசம் சாப்பிட மாட்டாள், உனக்குத் தெரியும். அதனால் முதலிலேயே விசாரித்துக்கொண்டோம். கிம்ச்சி வெறும் கோஸ்தானே என்று நினைக்கக் கூடாது. பெரும்பாலும் அதில் உப்பிட்ட இறாலோ மீன் சாறோ சேர்ப்பார்கள். சூப், குழம்பு பலவற்றுக்கும் நெத்திலி வேகவைத்த தண்ணீர்தான் அடிப்படை. கேட்டால் எது சேரும், எது சேராது என்று பொறுமையாகச் சொல்கிறார்கள். கொரிய பௌத்த மடங்களில் மாமிசம், மீன் மட்டுமல்ல, பூண்டு, வெங்காய வகைகளைக்கூட விலக்கிவிட்டுத்தான் சமைப்பார்களாம். அது நூற்றாண்டுகளாக வரும் தனிச் சமையல் முறை. ஆக, மாமிசம் சாப்பிடாதவர்களுக்குக் கொரியச் சமையலில் இடமில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதே.

அத்தைக்கு மாமிசம் இல்லாத பிபிம்பாப் சொன்னோம். கல் சட்டியில் வருவது. சட்டியை அடுப்பிலேயே நன்றாகச் சூடாக்கி, சோற்றை அதில் போட்டு, மேலே காய்களை வட்டமாக அடுக்கி, நடுவில் ஒரு முட்டையை வைத்துக் கொண்டுவருகிறார்கள். மேஜைக்கு வந்த பிறகும் அது சடசடவென்று பொரிந்துகொண்டே இருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று பார்த்துக்கொண்டே இருக்கக் கூடாது. கோச்சுஜாங் என்ற சிவப்பு விழுதைப் போட்டு, முட்டை சட்டிச் சூட்டிலேயே வேகும்படி உடனே கிளற வேண்டும். மிளகாய்ப் பொடி, பசையுள்ள அரிசி, புளிக்கவைத்த சோயா எல்லாம் சேர்ந்த விழுது அது. முதலில் லேசான இனிப்பு, பிறகுதான் காரம் மெதுவாக ஏறுகிறது. அடிச் சோற்றை மட்டும் தொடாமல் விட்டுவிட வேண்டும். கடைசியில் அது பொன்னிறமாகச் சட்டியோடு ஒட்டி, மொறுமொறுவென்று பாளம் பாளமாக வரும். அதைக் கரண்டியால் சுரண்டி எடுத்துப் பாதியை எனக்கு வைத்தாள். இத்தனைக்கும் அன்றைய சாப்பாட்டிலேயே அவளுக்கு ரொம்பப் பிடித்தது அதுதான்.

கரண்டி என்றதும் ஞாபகம் வருகிறது. அவர்கள் சோற்றையும் சூப்பையும் நீளக் காம்புள்ள கரண்டியால்தான் சாப்பிடுகிறார்கள். குச்சிகள் பக்கத் தட்டுகளுக்கு. அதுவும் உலோகக் குச்சி, தட்டையாக, மெல்லியதாக இருக்கும், வழுக்கும். கிண்ணத்தைக் கையில் தூக்கிச் சாப்பிடுவது அங்கே மரியாதை இல்லை. குச்சியைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்கவே கூடாது. முன்னோருக்குப் படைக்கும்போது ஊதுவத்தி ஏற்றுவது போல இருக்குமாம். பெரியவர் கரண்டியை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் ஆரம்பிப்பார்கள். உன் டம்ளரை நீயே நிரப்பிக்கொள்வதும் வழக்கமில்லை. எதிரில் இருப்பவர் ஊற்றுவார், அவருக்கு நீ ஊற்ற வேண்டும். வறுத்த பார்லி போட்ட தண்ணீரைத்தான் நாங்கள் அப்படி ஊற்றிக்கொண்டே இருந்தோம்.

கிம்ச்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நீளமான கோஸைப் பிளந்து, உப்பில் ஊறவைத்து, அலசி, மிளகாய்ப் பொடியும் பூண்டும் இஞ்சியும் சேர்ந்த விழுதை ஒவ்வொரு இதழுக்கும் இடையில் கையால் தடவுகிறார்கள். அப்புறம் அதுவாகவே புளிக்கும். தயிரைப் புளிக்கவைக்கும் அதே வகை லாக்டிக் அமில பாக்டீரியாக்கள்தான் இங்கும் வேலை செய்கின்றன. உப்பு மற்ற கிருமிகளைத் தடுத்துவிடும், குளிர் புளிப்பை நிதானப்படுத்தும். அதனால்தான் முன்பெல்லாம் ஜாடியை மண்ணில் புதைத்து வைத்தார்கள். இப்போது அதற்கென்றே தனிக் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. ரொம்பப் புளித்துவிட்டால் தூக்கிப் போடுவதில்லை. காரக் குழம்பு வைக்க நன்றாகப் புளித்த கிம்ச்சிதான் வேண்டும் என்கிறார்கள். மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து சேர்ந்த பொருள், அதற்கு முன்னால் கிம்ச்சிக்கு இந்தச் சிவப்பே கிடையாது.

குளிர்காலம் தொடங்கும் முன் அக்கம்பக்கத்தார், உறவுக்காரர் எல்லாம் சேர்ந்து குளிர்காலம் முழுமைக்கும் வேண்டிய கிம்ச்சியைப் போட்டுப் பங்கிட்டுக்கொள்வதற்குக் கிம்ஜாங் என்று பெயர். 2013இல் தென் கொரியாவின் கிம்ஜாங்கையும், 2015இல் வட கொரியாவின் கிம்ச்சி மரபையும் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் இடம் பிடித்தது ஊறுகாய் அல்ல, பத்துப் பேர் ஒன்றாக உட்கார்ந்து கையைச் சிவப்பாக்கிக்கொள்ளும் அந்த வேலை. எனக்கு அது ரொம்பச் சரியென்று பட்டது.

அப்புறம் மேஜையிலேயே அடுப்பு வைத்துச் சுடுவது. நாங்கள் காளானும் டோஃபு என்ற சோயா பன்னீரும் கத்தரிக்காயும்தான் சுட்டோம். லெட்டூஸ் இலையை உள்ளங்கையில் விரித்து, அதன்மேல் மணமுள்ள பெரில்லா இலை, கொஞ்சம் சோறு, சுட்ட துண்டு, ஸம்ஜாங் என்ற காரமான சோயா விழுது ஒரு துளி வைத்து மடித்து ஒரே வாயில் போட வேண்டும். கடித்துக் கடித்துச் சாப்பிடக் கூடாது. வேண்டியவர்களுக்கு மடித்து வாயில் ஊட்டுவதும் அங்கே சகஜம். அத்தை ஒன்றை மடித்து, சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்று பார்க்காமல், ‘வாயைத் திற’ என்றாள். திறந்தேன்.

அதற்கும் அப்புறம்தான் அவள் பேசினாள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து காலையில் எழுந்திருக்கவே மனம் வரவில்லை என்றாள். எழுந்து என்ன செய்வது என்று படுக்கையிலேயே கிடக்கிறாளாம். நாங்கள் தினமும் போனில் பேசுகிறோம் கண்ணா. சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, பிள்ளைகள் பேசினார்களா, எல்லாம் பேசுகிறோம். இதை அவள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. போனில் ‘எப்படி இருக்கே’ என்றால் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் வாயில் வரும். ஒருநாள் முழுக்கக் கூட இருந்து, ஒன்றாக ஒரு படத்துக்கு அழுது, ஒரே தட்டில் கைவைத்து, இனிச் சொல்ல வேறொன்றும் இல்லை என்று ஆன பிறகுதான் அது வெளியே வந்தது. நான் யோசனை ஒன்றும் சொல்லவில்லை. பார்லித் தண்ணீரை ஊற்றினேன். இனிமேல் காலையில் அவள் வீட்டுக்கு நான் போகிறேன், இரண்டு பேரும் நடக்கிறோம் என்று மட்டும் முடிவு செய்தோம். இன்று காலையே போனேன். செருப்பு மாட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாள்.

இதையெல்லாம் உனக்கு ஏன் இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். உன்னோடு படித்த பையன், ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில் இருக்கிறான் என்றாயே, அவன் கூப்பிடும்போதெல்லாம் ‘அடுத்த மாதம் பார்க்கலாம்’ என்கிறாய். போன வாரம் பேசும்போதுகூட லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு தனியாகத்தான் சாப்பிட்டாய். கரண்டிச் சத்தம் எனக்குக் கேட்டது. தென் கொரியாவில் இப்போது மூன்றில் ஒரு வீட்டுக்கும் மேல் ஒருவர் மட்டுமே வசிக்கும் வீடுதானாம், தனியாகச் சாப்பிடுவதற்கென்றே ஒரு சொல் புழக்கத்துக்கு வந்துவிட்டது. அப்படியிருந்தும் மேஜையில் சுட்டுச் சாப்பிடும் கடைகள் பலவற்றில் குறைந்தது இரண்டு பேருக்கான அளவில்தான் ஆர்டர் எடுக்கிறார்கள். அந்தச் சாப்பாட்டுக்கு எதிரில் ஒரு ஆள் வேண்டும். நீ தனியாக இருப்பதில் தப்பில்லை, எனக்கும் தனிமை பிடிக்கும். ஆனால் உனக்கு ஒரு காலை கனமாக இருந்தால் அதை யாரிடம் சொல்வாய் என்று நினைக்கும்போது எனக்குத் தூக்கம் வருவதில்லை. என்னிடம் நீ சொல்ல மாட்டாய். அம்மா கவலைப்படுவாள் என்று மறைப்பாய். அதனால்தான் அவனை விட்டுவிடாதே என்கிறேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை ஒரு நாளை ஒதுக்கு. படம் எதுவாக இருந்தாலும் பரவாயில்லை, காலைக் காட்சிக்குப் போங்கள். முதல் தடவை என்றால் காரமில்லாத மென்மையான டோஃபு குழம்பு ஒன்று, பிபிம்பாப் ஒன்று சொல்லிப் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பசித்து வந்தவுடன் பன்ச்சானிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாதீர்கள். அடுத்த நாள் ஆபீஸ் இருக்கிறது என்று சீக்கிரம் கிளம்பாதே.

அவனுக்கு இன்றைக்கே போன் செய். என்ன சொன்னான் என்று புதன்கிழமை பேசும்போது எனக்குச் சொல்.

அன்புடன்,
அம்மா